வெயில் க்ரீமும் ஒரு வேளையும்

வெயில் இறங்கிய பிறகு கடைக்கு வந்து வெயிலுக்கான க்ரீம் விற்பது என் பிழைப்பு. வளைகுடாவில், ஃபஹாஹீல் என்ற ஊரில் மருந்துக்கடை, நைட் டூட்டி, பில் போடும் கம்ப்யூட்டர். கவுண்டருக்குப் பின்னால் நின்றே கால் வீங்கியவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

கண்ணாடி

முருகேசன் சாயல்குடிக்காரர், சைட்டில் சாரம் கட்டுகிறவர். வைத்தியத்துக்கு மட்டும் செலவழிக்கச் சொல்லி அவர் கம்பெனி ஒரு கார்டு கொடுத்திருந்தது. கன்னத்தில் கருந்திட்டு. டாக்டர் வெயில் க்ரீம் எழுதி, ஒரு மாதத்தில் வரச் சொல்லியிருந்தார். திட்டு பரவியிருந்தால் வெளிவேலைக்கு லாயக்கில்லை; வெளிவேலை இல்லையென்றால் ஊருக்கு டிக்கெட்.

கார்டைத் தேய்த்தேன். 'அழகுசாதனம், அனுமதி இல்லை' என்றது மெஷின். முருகேசன் லிப்ஸ்டிக் தட்டில் இருந்த கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டார்.

"இந்த மூஞ்சிக்கு அழகுசாதனமாண்ணே? மெஷின்கிட்ட என்னைக் கொஞ்சம் காட்டுங்க."

வேளை

டாக்டர் சீட்டு இருப்பதால் மருந்தாகப் பதியலாம் என்றார் எங்கள் பார்மசிஸ்ட் சிவகௌரி, யாழ்ப்பாணத்துப் பெண். மருந்தென்றால் எத்தனை வேளை என்று போட வேண்டும். அவர் ஒரு காய்ச்சல் குழந்தையின் தாயோடு பேசிக்கொண்டிருந்தார். எல்லாக் களிம்புக்கும் அடித்துப் பழகிய என் கை இதற்கும் அடித்தது: 'இரவு படுக்குமுன் ஒரு முறை.' மெஷின் உடனே ஏற்றுக்கொண்டது. லேபிளைப் படித்தும் காட்டினேன்.

"மெஷினே ஒத்துக்கிச்சுன்னா சரியாத்தான் இருக்கும்ணே."

சாட்சி

டாக்டரைப் பார்க்க ஒரு வாரம் இருக்கும்போது முருகேசன் வந்தார். திட்டு மூக்கைத் தாண்டியிருந்தது. ஒழுங்காகப் பூசினீரா என்று கேட்டேன், கொஞ்சம் அதட்டலாகவே. "ஒரு நாள் விடலண்ணே. குளிப்பேன், பூசுவேன், லைட்டை அணைச்சுட்டுப் படுத்துருவேன். ரூம்ல அஞ்சு பேரும் சாட்சி."

சிவகௌரி காலி ட்யூபை வாங்கி லேபிளைப் படித்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"அண்ணை, வெயில் க்ரீமை நிலவுக்குப் பூச விட்டிருக்கிறியள்."

கடிதம்

அடுத்த ட்யூபை என் காசில் எடுத்து, 'டூட்டிக்குப் போகுமுன், மதியம் மறுபடி' என்று மார்க்கரில் தமிழில் எழுதினேன். பிறகு டாக்டருக்குக் கடிதம்: தவறு நோயாளியுடையதல்ல, என்னுடையது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களைப் படித்தே இங்கிலீஷ் கற்றவன் நான். கடிதமும் அப்படியே வந்தது. குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும் என்று மட்டும் எழுதவில்லை. சிவகௌரியும் கீழே கையெழுத்துப் போட்டார்.

முருகேசன் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, முதலில் கண்ணாடியைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு மாசம் பாக்கலாம்னுட்டாருண்ணே. எழுதுனது யாருன்னு கேட்டாரு. வெயிலையே பாக்காத ஒரு அண்ணன்னு சொன்னேன், சிரிக்கல, தலையாட்டுனாரு."

வெயில் பகலில்தான் அடிக்கிறது என்று எனக்குத் தெரியவர, இத்தனை வருட வளைகுடாவும் முருகேசனின் ஒரு கன்னமும் தேவைப்பட்டன.