அறுபத்தொரு கட்டைவிரலும் நாலு ஆளும்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி. நாலரைக்குத் துரை வருகிறார். கூட்டத்துக்கு வந்திருந்தது நாலு பேர். அதில் ஒருவர் என்னைக் கூட்டிவந்த ஆட்டோக்காரர்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், "கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி மிஸ்?" என்று இப்போதும் போன் போட்டுக் கேட்கிறார்கள். இருபத்தாறு வருஷம் சமூகக் கல்வி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவளுக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அவர்களுக்காக அந்த ஞாயிற்றுக்கிழமையை எழுதி வைக்கிறேன்.

1. உரமா, வகுப்பா?

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு மாலையில் எழுத்து வகுப்பும், ஒரு வீதி நாடகக் குழுவும் நடத்திவந்தேன். இரண்டுக்கும் இடம் கிடையாது. வகுப்பு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில். மழை வந்தால் கலைந்துவிடும், மழையோ தினமும் வரும். ஒத்திகை கோயில் மண்டபத்தில். திருவிழா வந்தால் நாங்கள் வெளியே.

தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் பழைய பிள்ளை மடுவம் ஒன்று அங்கே பூட்டிக் கிடந்தது. புதிய மடுவம் கட்டிய பிறகு அதைச் சுற்றி இடுப்பளவு புல். அதைக் கேட்டு இரண்டு வருஷம் துரையின், அதாவது தோட்ட மேலாளரின், ஆபீசுக்கு நடந்தேன். துரை இளவயதுக்காரர், சிங்களவர், தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார்.

"மிஸ், நீங்க கேக்குறீங்க. சனங்க கேக்குறாங்களா? ஞாயித்துக்கிழம வந்து பாக்குறேன். ஆள் இருந்தா சாவி ஒங்களுக்கு. இல்லாட்டி திங்கக்கிழம அதுல ஒரம் எறக்குறோம்."

தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தேன். அறுபத்தொரு கட்டைவிரல் வந்தது, பதினெட்டுக் கும்பிடு வந்தது, யாரோ ஒருவர் பிறந்தநாள் கேக்கும் போட்டிருந்தார். நான் பூரித்துப்போனேன்.

"ஞாயித்துக்கிழம துணி தொவைக்கணும், வெறகு எடுக்கணும், டவுனுக்குப் போவணும். யாரு மிஸ் வருவா?" என்றார் ராமாயி அக்கா. ஞாயிற்றுக்கிழமை வந்த நால்வரில் அவரும் ஒருவர். வகுப்பில் மூலையில் உட்காருவார், வாயே திறக்க மாட்டார்.

"அப்ப ஏன் விரல் போட்டாங்க?"

"பாத்துட்டோம்னு சொல்றதுக்கு."

2. ஒருத்தர் விடாமல்

பழைய மடுவத்து வாசலில் நின்ற நால்வரில் இன்னொருவர் செல்லமுத்து. எங்கள் நாடகக் குழுவுக்குத் தப்பு மேளம் அடிப்பவர்; தோட்டத்தில் கோயிலுக்கும் சாவுக்கும் அவர்தான்.

"தப்பு அடிச்சுக் கூப்பிடுங்க அண்ணே," என்றேன்.

"யாரு யாரு வரணும் மிஸ்?"

"எல்லாரும்."

"எல்லாருமா? ஒருத்தர் விடாமயா?"

"ஒருத்தர் விடாம."

அவர் தப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, தோலைக் காய வைக்கக் கடுதாசி வேண்டும் என்றார். என்னிடம் இருந்தது பிளிப் சார்ட் தாள்தான். 'சமூகத்தை ஒன்றுதிரட்டும் ஏழு படிகள்' என்று மூன்று கலரில் எழுதியது. கொடுத்தேன். அது எரிந்து தப்பு விறைத்தது.

நான் அட்டன் டவுனில் வளர்ந்தவள். மேடையில் அடிக்கும் தப்புத்தான் தெரியும். அன்று அவர் அடித்தது நன்றாக இருந்தது. காலால் தாளம்கூடப் போட்டேன். வெட்கத்தோடு சொல்கிறேன்.

பத்து நிமிஷத்தில் லயங்கள் காலியாகின. பாதித் தலை சீயக்காயோடு ஒரு பெண் ஓடிவந்தார். நாலு ஆண்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் தறப்பாளையும் கயிற்றையும் தூக்கிவந்தார். பின்னால் நாற்காலிகள் வந்தன, பெரிய தேநீர்க் கேத்தல் வந்தது, அடுப்பு மூட்டியாயிற்று. மூன்று மணி நாற்பதுக்குக் கூடாரம் நின்றது. பெண்கள் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார்கள்.

"பாவம், கருப்பையா தாத்தா! மூணு வாரமா படுக்கையிலதான கெடந்தாரு," என்று ஒருவர் ஒப்பாரிக்கு அடி எடுத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு கைத்தடியோடு கருப்பையா தாத்தாவே வந்தார்.

"யாருடா செத்தது?"

3. செத்தது யார்?

எல்லாரும் செல்லமுத்துவைப் பிடித்தார்கள்.

"கோயில் அடிக்குப் பாதிப் பேருதான் வருவீங்க. மிஸ் ஒருத்தர் விடாம வரணும்னாங்க. வேற எத அடிக்கிறது?" என்றார் அவர்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மடுவம், வகுப்பு, துரை என்று எதையோ உளறினேன். யார் காதிலும் ஏறவில்லை.

"பொணம் இல்லாம சாவு அடி அடிச்சா ஆவாது. ஒரு எழவு விழுந்தே தீரும்," என்றார் செயலாளர். அதைக் கேட்டதும் அத்தனை பேரும் மெதுவாகக் கருப்பையா தாத்தாவைப் பார்த்தார்கள்.

"என்னய ஏண்டா பாக்குறீங்க?"

தாத்தாவுக்குத்தான் இதில் அவசரம் அதிகம். சுற்றும் முற்றும் பார்த்தவர் கைத்தடியைப் பழைய மடுவத்தை நோக்கி நீட்டினார்.

"செத்தது அது! எங்க ஆத்தா என்னய அதுலதான் போட்டுட்டு மலைக்குப் போச்சி. ஒங்களயும் அதுலதான் போட்டாங்க. இத்தன வருஷமா அனாதப் பொணமா கெடக்கு, ஒருத்தனும் எட்டிப் பாக்கல. போங்கடா, செய்ய வேண்டியதச் செய்யுங்க!"

மண்வெட்டிகள் புல்லுக்குப் போயின. பெண்கள் சாவு வீட்டைக் கழுவிவிடுவதுபோல் வாளி வாளியாகத் தண்ணீர் அடித்தார்கள். செல்லமுத்து கோயில் அடிக்கு மாறினார். துரையின் ஜீப் வந்து நின்றபோது, பூட்டிய கதவுக்கு வெளியே எல்லாம் பளிச்சென்று இருந்தது.

துரை கூடாரத்தைப் பார்த்தார், கேத்தலைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றினார். "மிஸ், யாரு செத்தது?"

ஈரத் துடைப்பத்தோடு ராமாயி அக்கா முன்னால் வந்தார்.

"பழைய மடுவம் செத்துப் போச்சிங்க தொர. காரியம் முடிஞ்சிது. இது எங்க பள்ளிக்கூடம். சாவியக் குடுங்க."

துரை கொடுத்தார். ஒரு கோப்பை பிளேன் டீயும் வாங்கிக் குடித்தார்.

4. தப்பைத் திருப்பிக் கொடுத்தது

ஆள் சேர்ப்பதைப் படிப்படியாக எழுதி ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்தேன். அந்தச் சனங்களோ இருபத்தைந்து நிமிஷத்தில் கூடாரமும் தேநீரும் போடத் தெரிந்தவர்கள். அதற்குப் பிறகு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் முதலில் மரண உதவிச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்குத்தான் போவேன். அதை அன்றே கற்றுக்கொண்டேன்.

இன்னொன்றைக் கற்க ஒரு வருஷம் ஆனது. தப்பு வேலை செய்கிறது என்று கண்டதும், கோயில் அடியில் தினமும் வகுப்புக்குக் கூப்பிடச் சொன்னேன். தப்புச் சத்தம் கேட்டால் வகுப்பு என்று சனங்கள் பழகிவிட்டார்கள். மடுவத்துக்கு முதல் அங்கத்தினர் கருப்பையா தாத்தா. தினமும் வந்து பத்திரிகையில் மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் கேட்டு வாங்குவார். "நான் இல்ல," என்று சொல்லி மடித்துவைப்பார்.

ஒரு மாலை தப்புச் சத்தம் கேட்டது. சாவு அடி. நாங்கள் வகுப்பில் இருந்தோம். "தொர மறுபடி வர்றாருபோல," என்று சிரித்தார் ராமாயி அக்கா. லயங்களிலிருந்து சனங்கள் கொப்பியும் பென்சிலுமாக மடுவத்துக்கு வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம் கழித்துச் செல்லமுத்து வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"இந்தத் தடவ நெசம் மிஸ். தாத்தா வீட்டுல நான் மட்டுந்தான் நிக்கிறேன்."

கொப்பிகளைப் போட்டுவிட்டு எல்லாரும் ஓடினோம். வழியெல்லாம் அழுதேன்.

கூட்டத்துக்கு ஆள் சேர்க்கச் சனங்களிடம் எதை வேண்டுமானாலும் இரவல் வாங்குங்கள் பிள்ளைகளே. வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த வாரமே அட்டனில் ஒரு பித்தளை மணி வாங்கி மடுவத்து வாசலில் கட்டினேன். அதை அடித்தால் பாதிப் பேர்தான் வருகிறார்கள். அது போதும்.