கணக்குப் பரீட்சையன்று கண்ட காய்ச்சல்

பன்னிரண்டு வயதில் நான் ஒரு பொய்க் காய்ச்சல் கண்டேன். அந்த வாரமே நிஜக் காய்ச்சலும் வந்திருந்ததால் பொய் சுலபமாக எடுபட்டது.

அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வே ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி. அம்மாவின் தம்பி ஆஸ்பத்திரியில் டிரெஸர்; புண்ணுக்குக் கட்டுப்போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கிற வேலை. மாமா எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். சாக்கடையெல்லாம் ஆள் வைத்து எண்ணெய் ஊற்றியும் கொசு அடங்காத வருஷம் அது. பரீட்சை தொடங்கிய திங்கட்கிழமை மத்தியானம் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிற ரகம். புதன்கிழமை கொய்னா மாத்திரை விழுங்கி, காது இரைய இரைய, கம்பளியைப் போர்த்திக்கொண்டு பூகோளம் எழுதினேன். டீச்சர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

வியாழக்கிழமை கணக்கு. அன்று காய்ச்சல் வராது. எனக்குப் பின்னமும் வராது.

விடிந்ததும் பாயில் சுருண்டுகொண்டு பல் கிட்ட நடுங்கினேன். மாமா தெர்மாமீட்டரை என் நாக்கடியில் வைத்து எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"எப்படி இருக்கு?" என்றார் அப்பா.

"நூத்தி ரெண்டு இருக்கு, அத்தான். இன்னிக்கு அனுப்ப வேணாம். பள்ளிக்கூடத்துக்கு நான் டாக்டர்கிட்ட கடுதாசி வாங்கித் தரேன்," என்றார் மாமா, என் முகத்தைப் பார்க்காமல்.

நடுங்கினால் பாதரசமும் ஏறிவிடும் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அன்று அந்த வீட்டில் பொய் சொன்னவர்கள் இருவர் என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

மாமா சட்டை மாற்ற உள்ளே போன நேரத்தில் பாக்கியம் வந்தாள். என் வகுப்புதான். அவள் அப்பா ரயில் பாதையில் கூலி. மிஷன் பள்ளியில் அவளுக்குப் பணம் கட்ட வேண்டாத, சம்பளமில்லாத இடம் கொடுத்திருந்தார்கள். தினமும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் பள்ளிக்குப் போவாள். அன்று அவள் கண்கள் சிவந்திருந்தன. பாயருகே குந்தி, "எனக்கும் ராத்திரியிலேருந்து குளிருது. உங்க மாமாகிட்ட சொல்லேன், பாக்கட்டும்," என்றாள். என் கையைப் பிடித்த அவள் கை சுட்டது.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால், நிஜக் காய்ச்சல் எப்படியிருக்கும் என்று மாமாவுக்குத் தெரிந்துவிடும்; என் குட்டு உடைந்துவிடும். தினமும் காய்ச்சல்காரர்களோடு புழங்குகிற மனிதரைப் பற்றி நான் போட்ட கணக்கு அது.

"மாமா வேலைக்குப் போயிட்டாங்க. நீ போ, மணி அடிச்சிரும்," என்றேன்.

உள்ளே மாமா இருமினார். அவளுக்கும் கேட்டிருக்கும். எழுந்து போனாள்.

சாயங்காலம் திரும்ப வந்தாள். அவள் அம்மாவின் சேலையைப் போர்த்தியிருந்தாள். ஒரு காகிதத்தை என்னிடம் நீட்டினாள்.

"நாலு கணக்குதான் போட்டேன், கண்ணு இருட்டிக்கிச்சு. கேள்வியெல்லாம் ஞாபகம் இருக்கறவரைக்கும் எழுதியிருக்கேன். உனக்கு அடுத்த வாரம் இதே மாதிரிதான் கேப்பாங்க."

அதன்பிறகு அவள் பத்துப் பன்னிரண்டு நாள் படுக்கையில் கிடந்தாள். நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் எழுதிக் கொடுத்த கணக்குகளை வைத்துத்தான் மாமா எனக்குப் பின்னம் சொல்லிக் கொடுத்தார். கடுதாசியின் பேரில் எனக்கு மட்டும் தனியாகப் பரீட்சை வைத்தார்கள். தேறிவிட்டேன். பாக்கியம் கணக்கில் தவறிவிட்டாள். அவளுக்குக் கடுதாசி கொடுக்க யாரும் இல்லை. பரீட்சைக்கே வந்து உட்கார்ந்துவிட்ட பிள்ளைக்குக் கடுதாசி எதற்கு?

முடிவு தெரிந்த அன்று, சோற்றுத் தட்டின் முன்னால் உட்காராமல் நின்றபடியே மாமா கேட்டார்: "அன்னைக்குக் காலையில வந்துச்சே அந்தப் பிள்ளை, அப்ப அதுக்கு உடம்பு நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றேன்.

அதற்குப் பிறகுதான் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

பள்ளி திறப்பதற்கு முந்தின வாரம் பாக்கியத்தின் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு சொல்லிக்கொள்ள வந்தாள். கிள்ளான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெரியம்மா வீட்டில் இருந்துகொண்டு பாக்கியம் பால்மரம் வெட்டப் போகிறாளாம். அவள் ரயிலில் போகப் போகிறாள் என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. தவறியவர்களுக்குச் சம்பளமில்லாத இடம் கிடையாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள வந்துருவேல்ல?" என்று கேட்டேன்.

பாக்கியம் அவள் அம்மாவைப் பார்த்தாள். இருவரும் சிரித்தார்கள். என் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன்.