வரைபடத்தில் இல்லாத பள்ளம்

“கடைசியா எதைத் தொட்டீங்க?” என்று தொலைபேசியில் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார் அக்கா. எதிர்முனை எப்படியும் “நான் ஒண்ணும் தொடலைங்க” என்றுதான் சொல்லும். வாதாட மாட்டார். கண்ணாடியின் இரண்டு பக்கத்தையும் பொறுமையாகத் துடைத்து முடிக்கிற நேரம் கொடுத்தால் போதும், மனிதர்கள் தாமாகவே உண்மைக்கு வந்துவிடுவார்கள். “இல்ல... ஒரே ஒரு பட்டனை மட்டும்...” என்று இழுப்பார்கள். “அதானே” என்பார் அக்கா. கண்ணாடி மூக்குக்குத் திரும்பும்.

நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்ட் போகாத பக்கமாகப் பார்த்து வரைபடப் பிரிவை வைத்திருக்கிறார்கள். இருபத்திரண்டு வருடமாக அங்கே அக்காவின் வேலை, ஊரின் உயரங்களைப் பார்த்துக்கொள்வது. நிலத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் உயரத்தை எண்ணாகப் போட்டு வைத்திருக்கும் கோப்புகள் உண்டு. ராஸ்டர் என்பார்கள். மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே தேங்கும் என்று கணக்குப் பார்க்க எந்தத் துறையாக இருந்தாலும் அந்தக் கோப்புகளிடம் வந்தாக வேண்டும். கோப்பு முரண்டு பிடித்தால் அக்காவிடம் வந்தாக வேண்டும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘மேடுபள்ளம்’, முகத்துக்கு நேரே ‘அக்கா’. இரண்டும் ஒட்டிக்கொண்டு மேடுபள்ளம் அக்கா ஆகிவிட்டது. அவருக்கும் இது தெரியும். கோபமில்லை, உள்ளதைத்தானே சொல்கிறார்கள் என்பார்.

ஒருமுறை வெளியிலிருந்து வந்த ஆலோசகர் ஒருவர் முகம் வெளுத்து வந்து நின்றார். அவருடைய திரையில் ஊர் முழுக்கக் கன்னங்கரேலென்று கிடந்தது. ஊரே கிணற்றில் விழுந்துவிட்டது என்றார். அக்கா படத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. கோப்பின் மிகக் குறைந்த எண் என்ன என்று பார்த்தார். கழித்தல் ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அளவு கிடைக்காத கட்டங்களில் இயந்திரம் போட்டுவைக்கும் எண் அது. அதையும் உண்மையான ஆழம் என்று எடுத்துக்கொண்டதால் மற்ற உயரமெல்லாம் ஒரே நிறத்துக்குள் நசுங்கிப்போயிருந்தது. “இது கிணறு இல்லைங்க. ‘எனக்குத் தெரியாது’ன்னு மெஷின் சொல்லுது, அவ்வளவுதான்” என்று சொல்லி அந்த எண்ணைக் கணக்கிலிருந்து விலக்கினார். ஊர் கரையேறியது. மனிதர்களுக்கும் இப்படி ஒரு எண் இருந்தால் கூட்டங்கள் சீக்கிரம் முடியும் என்பது அக்காவின் அபிப்பிராயம்.

விசித்திரங்கள் சில உண்டு. மேசை விளக்கை எப்போதும் இடது மேல் மூலையில்தான் வைப்பார். மேடுபள்ளத்தை நிழலிட்டுக் காட்டும் வரைபடத்தில் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்து விழுவதாகத்தான் வழக்கம். காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குன்றெல்லாம் குழியாகத் தெரியும். புதிதாக வருகிற எவரையும் இந்த வித்தையைக் காட்டாமல் விடமாட்டார். “பாத்தீங்களா, மலையைக் குழியாக்க ஒரு நிமிஷம் போதும்” என்பார். கண்ணை நம்பக் கூடாது, எண்ணைப் பார் என்பதுதான் அவருடைய வேதம். அடிக்கணக்கில் கொடுத்த உயரத்தை மீட்டரென்று எண்ணி மூன்று மடங்கு மலை எழுப்பியவர்களையும், மரங்களின் உச்சியைத் தரையென்று நினைத்துத் தோப்பின் மேல் சாலை போட்டவர்களையும் அவர் பார்த்திருக்கிறார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்று பொறியாளர்களே சொல்வார்கள். அந்தப் பேச்சு காதில் விழும்போது அக்கா தலையைக் குனிந்துகொள்வார், ஆனால் மறுத்துச் சொல்ல மாட்டார்.

வீட்டில் இந்தக் கியாதி செல்லாது. கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவருக்குத் தெருக்களின் உயரம் காலிலும் கியரிலும் தெரியும். மழை பெய்தால் ஊரார் குடையைத் தேடுவார்கள், என் வீட்டம்மா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்கச் செருப்பைத் தேடுவா என்று பணிமனையில் சொல்லிச் சிரிக்கிறவர். போன மாதம் ஒரு காலை, தேநீர் ஆறட்டும் என்று இருவரும் சமையலறையில் நின்றுகொண்டிருந்தபோது, அச்சகத்துக்குப் பின்னால் போகிற தெருவில் வண்டி மறுபடியும் தண்ணீரில் மாட்டிக்கொண்டது என்று அலுத்துக்கொண்டார்.

“அங்க தண்ணி தேங்காதே” என்றார் அக்கா.

“உன் மேப்புல தேங்காது. என் வண்டிக்குள்ள ரெண்டாவது படி வரைக்கும் ஏறுது.”

“எப்பலேர்ந்து?”

“பாலத்துக்காக ரெண்டு பக்கமும் ரோட்டை உசத்தினாங்களே, அதுலேர்ந்து. வருஷா வருஷம் சொல்றேன். நீ நம்பரைப் பாத்துக்கிட்டிருக்கே, நான் சொல்றது எங்க காதுல விழுது?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அக்கா தன் தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அலுவலகத்தில் அன்று மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் இருந்தது. எந்தெந்தத் தெருவில் நீரேற்றும் பம்பு வைப்பது என்று முடிவாகிற கூட்டம். பட்டியலில் விடுபட்ட தெரு இன்னும் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பட்டியல் தயாரானது அக்காவின் உயரக் கோப்பை வைத்து.

அவர் பழைய மூலக் கோப்பைத் திறந்தார். அளந்து வந்தபடியே, யாரும் கை வைக்காதது. மூன்று வருடத்துக்கு முன்பு அதைத் தண்ணீர்க் கணக்குக்குத் தயார் செய்தவர் அவர்தான். அப்படித் தயார் செய்யும்போது முதலில் பள்ளம் நிரப்ப வேண்டும். அளவைப் பிழையால் உண்டாகும் பொய்க்குழிகளில் கணினியின் தண்ணீர் விழுந்து வெளியே வராமல் நின்றுவிடும் என்பதால், மென்பொருளே அவற்றை நிரவி மட்டம் செய்துவிடும். எவ்வளவு ஆழம் வரை நிரப்பலாம் என்று கேட்க அங்கே ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதைக் காலியாக விட்டால் பொய்க்குழி நிஜக்குழி என்று பார்க்காமல் எல்லாவற்றையும் நிரப்பித் தள்ளிவிடும்.

நிரப்பிய கோப்பிலிருந்து மூலக் கோப்பைக் கழித்தார். நிரப்பிய இடமெல்லாம் ஊர் முழுக்க எள்ளு இறைத்தது போலப் புள்ளிகளாக வந்தன. சில இடங்களில் புள்ளி பெரிதாக இருந்தது. அச்சகத்துக்குப் பின்னால் ஒரு தெருவின் நீளத்துக்கே ஒரு பட்டை கிடந்தது. நடுவில் ஆழம் ஒரு மீட்டர் முப்பது. பிறகு வேலைக் குறிப்பேட்டைத் திறந்து அன்றைய பதிவைப் பார்த்தார். பெட்டி காலி.

கடைசியாக எதைத் தொட்டாய் என்று கேட்க அங்கே யாரும் இல்லை. ஒரு தெருவையே அவர் தன் கையால் தூர்த்திருக்கிறார்.

அதைவிடக் கனமான ஒன்று அலமாரியில் இருந்தது. அந்தத் தெருவிலிருந்து ஒரு தையல்காரப் பெண்மணி மூன்று மழைக்காலத்துக்கு மூன்று புகார் எழுதியிருந்தார். வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது, தையல் இயந்திரத்தின் மோட்டார் இரண்டு முறை போய்விட்டது என்று. மூன்றுக்கும் ஒரே பதில் போயிருந்தது: ‘வரைபடத்தின்படி மேற்படி இடத்தில் நீர் தேங்க வாய்ப்பில்லை.’ கீழே அக்காவின் கையெழுத்து. மூன்றாவது கையெழுத்து அவசரத்தில் போட்டது போல ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை, வெட்கம்தான்.

தலைமைப் பொறியாளர் கெட்டவர் அல்ல. அக்காவைவிட வயதில் சிறியவர், அவரிடம் மரியாதை உள்ளவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தத் தெருவைப் பட்டியலில் சேர்த்துவிடலாம், புதிய தரவு கிடைத்தது என்று ஒரு வரி எழுதினால் போதும் என்றார். இருபத்திரண்டு வருடத்து நல்ல பெயரை எதற்காக ஒரே மதியத்தில் கொட்டிக் கவிழ்க்க வேண்டும் என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க சார்” என்றார் அக்கா.

“மறைக்கலை அக்கா. தெருவுக்குப் பம்பு கிடைச்சுடுதில்ல?”

“இந்தத் தெருவுக்குக் கிடைச்சுடும். ஆனா தீயணைப்பு, ஆஸ்பத்திரி, ரோடு, எல்லார்கிட்டயும் இருக்கிறது என் பழைய ஃபைல்தான். புதுசு வந்திருக்குன்னு சொன்னா பழசையும் பத்திரமா வச்சுப்பாங்க. தப்புன்னு சொன்னாத்தான் அழிப்பாங்க.”

பொறியாளர் கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு, உங்கள் இஷ்டம் என்றார். அந்தக் குரலில் இஷ்டம் இல்லை.

கூட்டத்தில் அக்கா பேசியது நான்கு நிமிடம். பெட்டியைக் காலியாக விட்டது நான் என்றும், மூன்று புகாருக்கும் பதில் எழுதியது நான் என்றும் சொன்னார். மென்பொருளின் மேல் பழி போடவில்லை. இப்படி இன்னும் எத்தனை இடம் என்று ஒருவர் கேட்டார். நிஜப் பள்ளமாக இருக்கக்கூடியவை இன்னும் பதினேழு, அதில் மதியத்துக்குள் ஒன்பதைச் சரிபார்த்தாகிவிட்டது, மீதி எட்டு எனக்குத் தெரியாது என்றார். அந்தக் கூட்டங்களில் ‘தெரியாது’ என்ற சொல் அதற்கு முன் கேட்டதாக யாருக்கும் ஞாபகமில்லை. அச்சகத்துப் பின்தெரு பட்டியலில் ஏறியது, கடைசிக்கு முந்தின வரியில். எல்லாத் துறைக்கும் போகவேண்டிய கடிதத்தை அக்கா அங்கேயே உட்கார்ந்து எழுதினார்.

வெளியே வரும்போது சாலைப் பிரிவுக்காரர் தோளோடு தோளாக வந்து, யானைக்கும் அடி சறுக்கும் அக்கா என்று ஆறுதல் சொன்னார். அக்கா நின்றுவிட்டார். “யானை சறுக்கினா யானைக்குத்தான் அடி. இங்க நான் சறுக்கினதுல வேற ஒருத்தங்க இல்ல விழுந்திருக்காங்க” என்றார். வந்தவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் படியிறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு அக்காவின் பழக்கம் ஒன்று மாறியிருக்கிறது. வாரம் இரண்டு நாள் கணினியை மூடிவிட்டு அந்த எட்டுப் பள்ளங்களையும் நடந்து பார்க்கக் கிளம்பிவிடுகிறார். பையில் ஒரு குறிப்பேடு, தண்ணீர் பாட்டில். கணவரிடம் எந்த இடத்தில் கியர் மாற்றுகிறார் என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார். அவருக்கு இதில் ஏகப்பெருமை. பணிமனையில் இப்போது வேறு கதை சொல்கிறார். அலுவலகத்தில் சிலர் அக்காவிடம் கோப்பைக் கொண்டுவருவதற்கு முன் ஒருமுறை யோசிக்கிறார்கள். அது அவருக்குத் தெரிகிறது, வலிக்கவும் செய்கிறது. தொலைபேசியில் குரல் மட்டும் முன்னைவிடக் கொஞ்சம் மெதுவாகியிருக்கிறது.

அந்த எட்டுக்கும் முன்னால் முதலில் போனது அச்சகத்துக்குப் பின்னால்தான். தெருவின் கடைசி வீடு. வாசலிலிருந்து உள்ளே இரண்டு படி இறங்க வேண்டும். தையல்காரப் பெண்மணி பள்ளிக்கூடச் சீருடைக்கு மடிப்புத் தைத்துக்கொண்டிருந்தார். இயந்திரம் நான்கு செங்கல் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தது. அதற்கேற்ப நாற்காலியின் மேல் இரண்டு தலையணை. சுவரில் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே பழுப்பாக ஒரு கோடு, அறையைச் சுற்றி ஓடியது. அக்கா உட்காரவில்லை.

“உங்க லெட்டருக்கெல்லாம் வாய்ப்பில்லைன்னு பதில் போட்டது நான்தாங்க. தப்பு என்னுது. பட்டியல்ல இப்ப உங்க தெரு இருக்கு.”

பெண்மணி இயந்திரத்தை நிறுத்தினார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார். “மூணு வருஷம் மேடம்” என்றார். அக்கா அதற்குச் சமாதானம் சொல்லவில்லை.

தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அளந்துகொள்ளலாமா என்று அக்கா கேட்டார். பெண்மணி எழுந்து, கழுத்தில் தொங்கிய அளவு நாடாவை எடுத்து, சுவரோரம் மண்டியிட்டு, ஒரு முனையைத் தரையில் கட்டை விரலால் அழுத்திப் பிடித்து, மறுமுனையைக் கோடு வரை இழுத்தார். எண்ணைப் பார்க்க அக்காவும் பக்கத்தில் குனிந்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் குறிப்பேட்டை விரித்து, பேனாவைத் திறந்தார்.

“நீங்களே படிச்சுச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்” என்றார்.