தரையில் தூவிய மா

நண்பர்கள் சேர்ந்து ஓடும் எங்கள் ஓட்டத்தில் போட்டி கிடையாது. லிந்துலைத் தேயிலை மலையில் கோதுமை மா தூவிக் குறி போட்டிருப்பார்கள். அதைப் பார்த்து ஓடி, வழியிலுள்ள பார்களில் பீர் குடிப்போம்.

நாட்டில் மா கிடைக்காத வருடம் ஒருநாள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தருகே குறிகளைக் காணோம். ஒரு பெண் அந்த மாவைச் சேலை முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"மேலாப்புலதாங்க எடுத்தேன், மண்ணு சேரல. புள்ளைகளுக்கு ரொட்டி சுடணும்," என்றாள்.

"இனி பாருக்கு எப்படிப் போறது?" என்று நண்பர்கள் அவள்மேல் எரிந்து விழுந்தார்கள். லயத்திலேயே பிறந்த நான் அடுத்த குறியைத் தேடி நடந்தேன்.

அடுத்த ஓட்டத்துக்குச் சுண்ணாம்புத் தூளில் குறி போட்டார்கள். அதே பெண் குனிந்து தொட்டு, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். நானும் அவளைத் தாண்டி ஓடினேன். அன்று எனக்கு வழி தப்பவே இல்லை.