கூடைக்குள் கத்திய பூனை

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியபோது என் மடியிலிருந்த ஒயர் கூடைக்குள் பூனை கத்திக்கொண்டே இருந்தது. மூன்று நாளாக இப்படித்தான். தரையில் புரண்டு புரண்டு, பச்சைப்பிள்ளை மாதிரி ஓயாத அழுகை. கிறுக்குப் பிடித்துவிட்டது, எங்கேயாவது விட்டுவிட்டு வா என்றார் வீட்டு ஓனர். சமயநல்லூருக்கு டிக்கெட் எடுத்திருந்தேன்.

பக்கத்து சீட்டில் ஒரு மீன்காரம்மா. காலடியில் விற்றுத் தீர்ந்த அலுமினியச் சட்டி. கேட்காமலே கூடை மேல் கட்டியிருந்த துண்டை விலக்கி, முதலில் புறங்கையை நீட்டி மோந்து பார்க்கவிட்டார். பிறகு வாலுக்குச் சற்று மேலே முதுகைத் தடவினார். எங்கள் யாருக்கும் அடங்காத பூனை கத்தலை நிறுத்தியது. முன்னங்காலை மடக்கி, பின்பக்கத்தைத் தூக்கி, வாலை ஒதுக்கிக்கொண்டு நின்றது.

“சோறு திங்குதா?”

“நல்லாத் திங்குது.”

“அப்ப நோவு இல்ல தம்பி. பருவத்துக்கு வந்திருக்கு, கடுவனத் தேடுது. ஒரு வாரம் கதவு சன்னல அடச்சு வைங்க, அடங்கிரும். ஆனா திரும்பத் திரும்ப வரும். மாட்டாஸ்பத்திரில கேட்டு ஆபரேஷன் பண்ணிருங்க.”

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

பதினோரு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கப் பாடம் நடத்துகிறவன் நான். அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பரவை ஸ்டாப்பில் இறங்க எழுந்தவர், கூடையை மூடி என்னிடம் தந்தார். “எதிர்ப்பக்கம் நின்னீங்கன்னா ஆரப்பாளையம் பஸ்ஸு வரும் தம்பி.”

அவர் பின்னாலேயே இறங்கிவிட்டேன். பூனையை விடத்தான் போகிறேன் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை.