இலுப்பூர் போகாத கார்

அத்தையை இலுப்பூரில் கொண்டுபோய் விடுவதற்காக அப்பா ஒரு பிளஷர் காரை வாடகைக்குப் பேசியிருந்தார். அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருவிழாவுக்கு எங்கள் ஊரான கறம்பக்குடிக்கு வந்தவள் புருஷன் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். போகிற வழியில் சித்தன்னவாசலில் மலையேறிச் சித்திரம் பார்க்கலாம் என்று அப்பா ஆசை காட்டியிருந்ததால், பயணமே எனக்காக ஏற்பாடானது என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அத்தை மெலிந்துவிட்டாள் என்று திருவிழாக் கூட்டத்தில் அம்மா ஒருமுறை சொன்னாள். கல்யாணமான புதிதில் அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொல்ல, பேச்சு ஆட்டுக்கிடாய் பக்கம் போய்விட்டது.

புதுக்கோட்டை தாண்டி அன்னவாசல் சாலையில் கார் கொதித்து நின்றது. டிரைவர் வாளியோடு தண்ணீர் தேடிப் போனார். எதிரே ஒரு புளியமரம், அதன் அடியில் கீற்றுக் கொட்டகை போட்ட சாப்பாட்டுக் கடை. எங்கள் வீட்டுப் பெண்கள் அதுவரை கடையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அம்மா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தயங்கினாள். நான் பசி என்று அழுது அந்தத் தயக்கத்தைத் தீர்த்துவைத்தேன்.

சாணி மெழுகிய தரையில் கடைக்காரப் பெண் இலை போட்டாள். சோறும் கருவாட்டுக் குழம்பும். அத்தை மட்டும் உட்காரவில்லை. நாங்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று கொட்டகைக் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அதட்டிய பிறகே உட்கார்ந்தாள். முதலில் போட்ட சோறு நொடியில் காணாமல் போனது. கடைக்காரப் பெண் மறுபடி அள்ளி வந்தபோது அத்தை இலையைக் கையால் மறைத்து, போதும் என்றாள். அவள் அந்தப் பக்கம் போனதும் இலையோரம் ஒட்டியிருந்த பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றாள்.

திரும்பிப் பார்த்த கடைக்காரப் பெண் வந்து அத்தையின் கையை மெல்ல விலக்கிவிட்டுச் சோற்றைக் கொட்டினாள்.

“இது கடை, ஆத்தா. இங்க யாரு ஒன்னைய அளந்து பாக்கப் போறா? சாப்புடு.”

அத்தை ஒரு வாய் எடுத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. குழம்பு காரம் போலும் என்று என் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். “ஏத்தா, அங்கிட்டு ஒனக்குச் சோறு போடுறாங்களா?”

அத்தை இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எல்லாரும் சாப்புட்டு மிச்சம் இருந்தா குடுப்பாங்கண்ணே.”

அப்பா எழுந்து கை கழுவிவிட்டு வெயிலில் போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றார். தண்ணீர் ஊற்றி வண்டி தயாரானதும் டிரைவரிடம் வீட்டுக்கே திருப்பச் சொன்னார். வாழப்போனவளைத் திரும்பக் கூட்டிப்போனால் ஊர் என்ன பேசும் என்று அம்மா வெளியே வந்து தணிந்த குரலில் கேட்டாள்.

“பேசட்டும். இவ வயிறாரச் சாப்புடட்டும்.”

அம்மா உள்ளே வந்து தன் இலையிலிருந்த கருவாட்டுத் துண்டை எடுத்து அத்தையின் இலையில் வைத்தாள். கொஞ்சநேரம் கழித்து அத்தை தானாகவே இன்னும் சோறு கேட்டாள்.

ஊர் பேசத்தான் செய்தது. இலுப்பூரிலிருந்து பெரியவர்கள் வந்தார்கள், கோபமாகப் போனார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு மாமா புதுக்கோட்டையில் தனி வீடு பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி தனியாக வந்து அத்தையை அழைத்துப் போனார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போது சித்தன்னவாசல் பார்க்காமல் போனதற்காக நான் விசும்பிக்கொண்டே வந்தேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. அத்தை அம்மாவின் தோளில் சாய்ந்து வாய் திறந்தபடி தூங்கிவிட்டாள். அப்பாவின் மேல்தான் எனக்கு ஆத்திரம். அத்தைக்கு ஒரு கடைச் சோறு பிடித்துப்போனதற்காக, அவ்வளவு தூரம் வந்த காரை யாராவது திருப்புவார்களா?