நாற்காலியில் இருந்தவருக்குப் பாதி

சலூன்காரரின் சொந்த ஊருக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்த ஊர்க்காரன் வாயைத் திறந்தால் பொய்தான் வரும் என்பார்கள். பொய்யர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், எங்கள் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள், அவ்வளவுதான் என்பது இவர் கட்சி. ஆனாலும் பிழைக்க வந்து கடை போட்ட நாள் முதல் அந்தப் பெயரோடு மல்லுக்கு நிற்கிறார். "முன்னாடி ரொம்பக் கொட்டிடுச்சா?" என்று யாராவது கண்ணாடியைப் பார்த்துக் கேட்டால், "கொட்டிடுச்சு" என்று பட்டென்று சொல்லிவிடுவார். அதனால் கைவிட்டுப் போன வாடிக்கைகளும் உண்டு.

வாரம் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவார். அது அப்பா விட்டுப்போன பழக்கம். வாங்கியதும் எதிரில் இருப்பவரிடம் "விழுந்தா பாதி உங்களுக்கு" என்று சொல்லிவிட வேண்டும். ஆசையைத் தனியாக வைத்துக்கொண்டால் தூக்கம் கெடும் என்பார் அப்பா. அவருக்கு ஒருநாளும் விழவில்லை. வாக்குத் தவற வழியும் இல்லை.

இவருக்கு விழுந்து தொலைத்தது. கொட்டோ கொட்டென்று கொட்டவில்லை. ஆனால் முடி வெட்டும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கும் அந்தப் பழைய நாற்காலியைக் கடாசிவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கப் போதும். அதோடு சேர்ந்து குனிந்து குனிந்தே இவர் இடுப்பு போய்விட்டது.

அந்த வாரம் நாற்காலியில் இருந்தவர் மரக்கடைக்காரர். "உங்க ஊர்க்காரன் வாக்காச்சே" என்று கடையே கேட்கச் சிரித்த மனிதர்.

"அந்த ஆளு அன்னிக்கே மறந்திருப்பாரு. பேசாம நாற்காலியை வாங்குங்க," என்றாள் மனைவி.

"அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கலையே."

"ஊருக்கெல்லாம் பாதி பாதின்னு சொன்னீங்க. எனக்கு ஒரு வாரமாவது சொல்லியிருக்கீங்களா?"

பாவம் மனிதர், ஒப்புக்காவது ஏதாவது சொல்லியிருக்கலாம். அது அவருக்கு வராது.

மறுநாள் மரக்கடைக்குப் போய்ப் பாதியைக் கொடுத்தார். மரக்கடைக்காரர் அதை மேசை டிராயரில் போட்டுக்கொண்டு கண்ணடித்தார். "பாதின்னு நீ இவ்வளவு குடுத்தா, நிஜமா எவ்வளவு விழுந்திருக்கும்? உங்க ஊரைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

திரும்பி வரும் வழியில் சலூன்காரர், இதற்குப் பதில் பொய்யே சொல்லியிருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தார்.

அடுத்த முறை முடி வெட்ட வந்த மரக்கடைக்காரர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக விசாரித்தார்.

"இந்த வாரம் சீட்டு வாங்கலையா?"

"வாங்கிட்டேண்ணே."

"பாதி எனக்குன்னு சொல்லலையே?"

"காலையிலேயே வீட்டுல சொல்லிட்டேன்."

"ஓஹோ. அவங்க என்ன சொன்னாங்க?"

நாற்காலி இறங்கத் தொடங்கியது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சலூன்காரர் கூடவே குனிந்தார்.

"பாதி வேணாமாம். முழுசுக்கும் நாற்காலி வாங்கச் சொல்லிட்டா."